தள்ளுபடி என்று சொன்னார்கள்

ஜூலை 8, திங்கள்

ஏ சிண்டு, உன் மகள் இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். மூன்றாவதைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, "தின்னுட்டேன் பெரிம்மா" என்று வாயைத் திறந்து காட்டினாள். வாயில் ஒன்றும் இல்லை. அதுவரைக்கும் அவள் சொன்னது உண்மைதான்.

இப்படியெல்லாம் எழுதச் சொன்னது வக்கீல் கிரேஸ் மேடம். "பேச்சியம்மா, பிள்ளை என்ன சாப்பிட்டா, காய்ச்சல் வந்தா எந்த டாக்டர்ட்ட காட்டுனீங்க, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க. கோர்ட்டுல கேட்டா காட்டலாம்" என்றார். நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். கோர்ட்டுக்கு என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உனக்கு என்று நினைத்தால் ஓடுகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். கோர்ட்டு வேண்டுமானால் படித்துக்கொள்ளட்டும்.

நீ காய்ச்சலில் போனது போன வருஷம் மாசியில். காரியம் முடிந்த அன்று மகிழினியை என் இடுப்பில் ஏற்றிவிட்டு, "நீங்களே பாத்துக்கங்க மதினி" என்று சொன்னவர் உன் வீட்டுக்காரர் ஜெயபாண்டிதான். ஆவணியில் அவருக்கு இன்னொரு கல்யாணம் ஆனது. ஐப்பசியில் பிள்ளையைக் கேட்டு வந்தார். நான் கோர்ட்டுக்குப் போனேன். மகிழினி என்னிடமே வளரவேண்டும் என்று மனு. முடிவு தெரியும்வரை என்னோடு இருக்கட்டும் என்றார்கள். வருகிற பத்தொன்பதாம் தேதி முடிவு.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடை குடோனில் சேலைக் கட்டின்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே போகவேண்டும். சூப்பர்வைசர் சுப்பையா அண்ணன் கூப்பிடுகிறார்.

ஜூலை 10, புதன்

கஞ்சி, ஒரு முட்டை. பால்வாடி விட்டதும் ஆயாம்மா கடையில் கொண்டுவந்து விட்டாள். குடோனில் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து பஸ் ஓட்டினாள் உன் மகள். என்னை ஏற்றவில்லை. பஸ் ஃபுல்லாம்.

ஜூலை 14, ஞாயிறு

ஜெயபாண்டி வந்திருந்தார். அவர் இரண்டாவதாகக் கட்டிய பெண்ணும் வந்தாள். தங்கமாரி என்று பெயர். ஆப்பிளும் கண்ணை மூடித் திறக்கிற பொம்மையும் கொண்டுவந்தார்கள். மகிழினி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் கால் இரண்டும் கீழே தெரிந்தன.

"பெத்த அப்பனக் கண்டா ஒளியிறா. இது நல்லாருக்கா மதினி?" என்றார்.

"நான் ஒளியச் சொல்லலையே தம்பி."

"வாயால சொன்னாத்தானா? ஊட்டி ஊட்டி வளத்துருக்கீகல்ல."

தங்கமாரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருங்க. வந்த எடத்துல வம்பு இழுத்துக்கிட்டு." பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, அவளுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று கேட்டாள்.

பாகற்காய் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வாயில் வந்தது உண்மைதான். "ரசஞ்சோறும் உருளைக்கெழங்கும். கெழங்கு மொறுமொறுன்னு இருக்கணும்" என்றேன். அவள் மனசுக்குள் எழுதிக்கொள்வதுபோல் தலையை ஆட்டினாள். இவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சவுகரியம், சிண்டு.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. காலையில் கடை வாசலில் பலகை கட்டினோம். சிவப்பில் மஞ்சள் எழுத்து: தள்ளுபடி. ஏணியில் ஏறுவது வழக்கம்போல நான். கீழே ஏணியைப் பிடித்தது ராக்கு. என்னோடு சேலைப் பிரிவில் நிற்கிறாளே, வாயாடி, அவள்தான்.

"எக்கா, ஒனக்குத் தள்ளுபடியில ஒரு மாப்பிள வந்தா எடுத்துக்கிருவியா?" என்று கீழிருந்து கத்துகிறாள். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பழைய ஸ்டாக்கா இருக்கும்டி. பிரிச்சுட்டா மாத்தித் தரமாட்டாக" என்றேன்.

நாள் பூராவும் மைக்கில் தள்ளுபடி, தள்ளுபடி என்றுதான். சின்ன வயசில் இந்தக் கடைக்கு வந்தவள் நான். என் ஆயுசில் பாதியை இந்தச் சொல்லுக்குக் கீழேதான் நின்று கழித்திருக்கிறேன். இதைக் கேட்டு முகம் வாடியவர்களைப் பார்த்ததில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வருவார்கள்.

சுப்பையா அண்ணன் புதுப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்: "இல்லன்ற வார்த்த இந்த மாடியில கேக்கக் கூடாது. கேட்ட கலர் இல்லன்னா, நேத்துத்தாம்மா போச்சு, இதப் பாருங்கன்னு அடுத்ததப் பிரிக்கணும். அதுவும் பிடிக்கலையா, நாளைக்கு வருதுன்னு சொல்லணும். புரிஞ்சுதா?" புரிந்தது என்று தலையை ஆட்டினார்கள். எங்களுக்கும் இதையேதான் சொல்லிக்கொடுத்தார். இத்தனை வருஷத்தில் ஒரு ஆளிடம்கூட இல்லை என்று சொல்லாமலே வியாபாரம் பண்ணிவிட்டேன்.

சாயங்காலம் மகிழினிக்குச் சளி. தூதுவளை ரசம் வைத்தேன். துப்பிவிட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

சிண்டு, ஜெயித்துவிட்டோம்!

கிரேஸ் மேடத்துக்கு வேறு ஊரில் கேஸ். குமாஸ்தா வேலாயுதம் அண்ணன்தான் கூட வந்தார். ஒரே கூட்டம். "பேச்சியம்மாள்" என்று கூப்பிட்டதும் உள்ளே போய்க் கும்பிட்டபடி நின்றேன். ஜட்ஜ் அய்யா குனிந்தபடியே இங்கிலீசில் ஏதோ சொன்னார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கும்பிட்ட கையை இறக்கக்கூட நேரமில்லை.

வெளியே வந்ததும், "என்னண்ணே சொன்னாக?" என்று கேட்டேன்.

"தள்ளுபடிம்மா."

"என்னதுண்ணே?"

"மனு தள்ளுபடி. அம்புட்டுத்தான். இனிமே நீங்க இங்க அலைய வேண்டியதில்ல. மேடம் போன்ல பேசுவாக."

"தள்ளுபடியே ஆயிருச்சா!"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஆயிருச்சும்மா" என்றார். அதற்குள் இன்னொரு கட்சிக்காரர் கையைப் பிடித்து இழுக்க, ஓடிவிட்டார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விவசாயக் கடன் தள்ளுபடி என்று டிவியில் சொன்ன அன்று மேலத்தெருவில் வெடி போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? கடனைத் தள்ளிவிட்டால் கடன் இல்லை. மனுவைத் தள்ளிவிட்டால் கேஸ் இல்லை. கேஸே இல்லை என்றால் பிள்ளை இருக்கிற இடத்தில் இருக்கவேண்டியதுதானே.

ஜெயபாண்டி வேப்பமரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். நேரே என்னிடம் வந்து, "சங்கடப்படாதீக மதினி" என்றார். தோற்ற மனுஷன் எனக்கு ஆறுதல் சொல்கிறாரே என்று மனசு இளகிவிட்டது. "நீங்களும் சங்கடப்படாதீக தம்பி. எப்ப வேணும்னாலும் வந்து பாத்துட்டுப் போங்க" என்றேன். அவர் முழித்தார்.

ஜூலை 20, சனி

கடையில் எல்லோருக்கும் காராப்பூந்தியும் லட்டும் கொடுத்தேன். ராக்கு என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றிவிட்டாள். சுப்பையா அண்ணன்கூட, "பரவால்லையே பேச்சி, கோர்ட்டுலயே ஆடித் தள்ளுபடி வாங்கிட்டியே" என்று சிரித்தார். மைக்கில் சொல்லட்டுமா என்று ராக்கு கேட்டாள்.

கல்லாவில் இருக்கும் கோமதிநாயகம் சார் மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "தள்ளுபடின்னா சொன்னாங்க? நல்லாக் கேட்டியா?"

"நல்லாக் கேட்டேன் சார். திருப்பித் திருப்பிக் கேட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். பில் போடச் சொல்லி ஆள் நின்றது. "வக்கீலம்மாட்ட ஒரு தடவ பேசிரு ஆத்தா" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது பார்த்தேன், லட்டு மேசையில் அப்படியே இருந்தது. சர்க்கரை வியாதி போல.

வீட்டுக்கு வந்து மகிழினியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். "இனிமே ஒன்ன யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகமாட்டாக."

"அப்பா?"

"அப்பாவும்தான்."

"அந்தப் பொம்ம அத்த?"

"அவுகளுந்தான்."

"சத்தியமா?"

அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினேன். அவளும் என் தலையில் கையை வைத்து ஏதோ சத்தியம் பண்ணினாள். என்ன என்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

மேடத்துக்குப் போன் போடவில்லை. சர்ச்சுக்குப் போயிருப்பார். நல்ல செய்திக்கு எதற்கு அவசரம்? மகிழினிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். போன் இரண்டு மூன்று தடவை அடித்தது. கையெல்லாம் எண்ணெய். எடுக்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

மத்தியானம் குடோனில் இருக்கும்போது மேடமே கூப்பிட்டார்.

"நேத்துல இருந்து அடிக்கிறேன் பேச்சியம்மா. வேலாயுதம் சொன்னாருல்ல?"

"சொன்னாக மேடம், தள்ளுபடி ஆயிருச்சுன்னு. கடையில எல்லாருக்கும் லட்டு குடுத்தேன்."

வாசல் மைக் மட்டும் கேட்டது.

"லட்டா? பேச்சியம்மா, தள்ளுபடின்னா நீங்க என்ன நினைச்சீங்க?"

நான் நினைத்ததைச் சொன்னேன். மேடம் மூச்சு விடுவது கேட்டது. பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "நாம கேட்டதைக் குடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. கோர்ட்டுல தள்ளுபடின்னா அதுதான் அர்த்தம். நம்ம மனுவைத் தள்ளிட்டாங்க."

"நம்மளயா?"

"நம்மளைத்தான்."

"கடனத் தள்ளுனா வாங்குனவன் சிரிக்கிறான். வெலயத் தள்ளுனா சேல எடுக்க வந்தவ சிரிக்கிறா. மனுவத் தள்ளுனா மட்டும் எப்படி மேடம்?"

"கடன் அவன் குடுக்க வேண்டியது. விலை அவ குடுக்க வேண்டியது. தள்ளிட்டா அவங்களுக்கு லாபம். மனுங்கிறது நாம கேட்டது பேச்சியம்மா. கேட்டதைத் தள்ளிட்டா கைக்கு என்ன வரும்?"

"அப்ப ஏன் எல்லாத்துக்கும் ஒரே பேர வச்சிருக்காக?"

மேடம் கோர்ட்டு சொன்ன காரணங்களைச் சொன்னார். பெற்ற அப்பா இருக்கிறார், வீடு இருக்கிறது, பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். நான் தனியாள், கடை மூடும்வரை பிள்ளை துணிமூட்டைக்கு நடுவில் கிடக்கிறது. மேல்கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் அங்கேயும் இதையேதான் சொல்வார்கள், உங்களிடம் பொய் சொல்ல மனசில்லை என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை ஒப்படைக்க வேண்டும்.

"இனி எழுத வேண்டாம்மா, தேவைப்படாது" என்றும் சொன்னார். நான் எழுதுகிறேன்.

மாட்டேன் என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், சிண்டு. முடியாது, கிடையாது, ஆகாது, எது சொல்லியிருந்தாலும் புரிந்திருக்கும். ரேஷன் கடையில் சொல்கிறார்கள், ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், வீட்டுக்காரம்மா சொல்கிறாள். முகத்தில் அடித்த மாதிரி விழும், ஆனால் விழுந்தது என்ன என்று தெரியும். இந்த ஒரு சொல்லை மட்டும் நான் வாசலில் ஏணி போட்டுக் கட்டியிருக்கிறேன்.

ஜூலை 23, செவ்வாய்

இட்லி இரண்டு. பூப்போட்ட கவுனைத் துவைத்தேன். மகிழினியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 24, புதன்

கல்யாணப் பெண் ஒருத்தி மயில் கழுத்து நிறத்தில் வெள்ளி ஜரிகை கேட்டாள். "இல்ல" என்றேன்.

"உள்ள ஸ்டாக்ல பாருங்கக்கா."

"இல்லம்மா."

"நாளைக்கு வருமா?"

"வராது."

சுப்பையா அண்ணன் பாய்ந்து வந்தார். "என்ன பேச்சி, மூஞ்சில அடிச்ச மாதிரிப் பேசுற? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று திட்டிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு வேறு சேலையைப் பிரித்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்லண்ணே, அக்கா உள்ளதச் சொல்லிட்டாங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். வெயில் ஏறவில்லை. தேட அவளுக்கு இன்னும் பொழுது இருந்தது.

அதைப் பார்த்ததும் தைரியம் வந்தது. இன்றைக்கு மகிழினியிடம் சொல்லிவிடுவது என்று வீட்டுக்குப் போனேன். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பெரிம்மா, ஞாயித்துக்கெழம பார்க்குக்குப் போவமா?" என்றாள்.

"பாப்போம்" என்றேன்.

ஜூலை 26, வெள்ளி

ராக்கு அழுதுவிட்டாள். "நானும் அப்படித்தான்க்கா நெனச்சேன். தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேனே" என்றாள். கோமதிநாயகம் சார் நான் கல்லாப் பக்கம் போனால் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். பில் ஒன்றும் இல்லாதபோதும் தட்டுகிறார். யார்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

மகிழினியின் துணிகளை மடித்தேன். கடை மடிப்பு மாதிரி வந்துவிட்டது. பிரித்து மறுபடி மடித்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

காலையிலேயே ஆட்டோ வந்துவிட்டது. மகிழினி தரையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். ஜெயபாண்டி வாசலிலேயே நின்றார். தங்கமாரிதான் உள்ளே வந்து, "மகிழி, நம்ம வீட்டுக்குப் போவமா? ரசஞ்சோறு ஆக்கி வச்சிருக்கேன்" என்றாள்.

உன் மகள் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை, சிண்டு. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பெரியம்மா இப்போது சொல்லிவிடுவாள், இவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்கிற முகம்.

"சொல்லு பெரிம்மா" என்றாள்.

நான் பையை எடுத்துத் தங்கமாரியிடம் கொடுத்தேன்.

"பெரிம்மா, சொல்லு. நீ சத்தியம் பண்ணுனேல்ல?"

"பெரிம்மா வந்து பாக்குறேன்டா தங்கம்."

அதன்பிறகு அவள் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஜெயபாண்டி தூக்கிக்கொண்டு போகும்போது அவர் முகத்தில் கீறிவிட்டாள். ஆட்டோவில் ஏறும்வரைக்கும் கத்தினாள். ஏறியதும் நிறுத்திவிட்டாள். எட்டிப் பார்க்கவில்லை. ஆட்டோ முனை திரும்பும்வரை நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 29, திங்கள்

மாவு புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போன் போட்டேன். தங்கமாரி எடுத்தாள். "நல்லாச் சாப்பிடுறாக்கா. ராத்திரி மட்டும் முழிச்சிக்கிறா. இந்தா பேசுங்க" என்று மகிழினியிடம் கொடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது. "மகிழி, பெரிம்மாடா" என்றேன். மூச்சு கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

"பிள்ளைக்குக் கோவம் போலக்கா. நேர்ல வாங்க" என்றாள் தங்கமாரி. வரவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊருக்குப் போகிற பஸ் எதிரே நிற்கிறது. கண்டக்டர் டீ குடிக்கிறார்.

காலையில் ஜெயபாண்டி வீட்டுக்குப் போனேன். தங்கமாரி காப்பி கொடுத்தாள், இருந்து சாப்பிட்டுத்தான் போகணும் என்றாள். ஜெயபாண்டி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நன்றாக வைத்திருக்கிறார்கள். இரட்டைச் சடை போட்டு, மை வைத்து, கன்னத்தில் சதை போட்டிருக்கிறாள் உன் மகள். அதைக் கோர்ட்டில் கேட்டால்கூடச் சொல்வேன்.

அவள் வாசற்படியில் நின்றாள். நான் முட்டிபோட்டுக் கையை நீட்டினேன். "மகிழி, பெரிம்மா வந்துட்டேன் பாரு."

என்னை நன்றாகப் பார்த்தாள். பிறகு, "போ" என்றாள்.

"பெரிம்மாவ அப்படிச் சொல்லக் கூடாது" என்று அதட்டினார் ஜெயபாண்டி.

"போ" என்றாள் மறுபடியும். சத்தம் போடவில்லை, அழவில்லை. கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

ஜெயபாண்டி அவளை அடிக்கக் கை ஓங்கியதும் நான் எழுந்துவிட்டேன். "விடுங்க தம்பி, நான் அப்புறம் வாரேன்" என்று தெருவில் இறங்கி நடந்தேன். முனைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் அவள் அதே இடத்தில் நிற்கிறாள். படியை விட்டு இறங்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

நீ சின்னப் பிள்ளையில் என்னை எத்தனை போ சொல்லியிருப்பாய். போக்கா, போ, பேசாத போ என்று சொல்லிக்கொண்டே வந்து மடியில் ஏறுவாய். நான் நிஜமாகவே எழுந்து போனால் ஊரைக் கூட்டுவாய். இன்னொரு போவும் உன்னிடம் இருந்தது. அதைச் சொன்னால் நாலு நாளைக்கு என் பக்கம் திரும்பமாட்டாய், நான் தொட்ட தட்டில் சாப்பிடமாட்டாய். இரண்டும் ஒரே மாதிரிதான் காதில் விழும். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். உன் மகள் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சொல்லுக்கு நானாக ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு பட்டது போதும். இதற்கு எந்த வக்கீலிடம் கேட்பேன்? பெற்றவள் நீ. கண்டக்டர் விசில் அடிக்கிறார். பஸ்ஸில் ஏறவா, அந்தத் தெருவுக்கே திரும்பவா? சொல்லு சிண்டு, உன் பிள்ளை சொன்னது எந்தப் போ?